பெயருக்கு முன் எல்லையைத் தேடுங்கள்: தோட்டக் குடும்பங்களின் வரலாற்றைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் கிரியான் மாவட்டத்தில் உள்ள பாகான் செராயிலிருந்து வடக்கே போனால் பாரிட் புந்தார் வரும். அங்கே கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் கெடாவின் பண்டார் பாரு. அதற்குப் பக்கத்திலேயே பினாங்கின் நிபோங் திபால். இன்று மூன்று மாநில மண்ணையும் ஒரே காலைப் பொழுதில் மிதித்துவிட்டு வீடு திரும்பலாம். ஆனால் 1905-ஆம் ஆண்டில் இவை மூன்று வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன. நிபோங் திபால், நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் நேரடி பிரிட்டிஷ் காலனியைச் சேர்ந்தது; பாரிட் புந்தார், 1896-இல் அமைந்த கூட்டு மலாய் மாநிலங்களைச் சேர்ந்தது; ஆற்றுக்கு அப்பாலிருந்த கெடாவோ 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. கரும்புத் தோட்டத்தை விட்டு ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன ஒரு தமிழ்க் குடும்பம், சில மைல் தூரம் நடந்ததிலேயே மூன்று பதிவு முறைகளைக் கடந்திருக்கலாம். அந்தக் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால், குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த சாமியார் இந்த எல்லைகளில் எதையும் பார்த்திருக்க மாட்டார்.

குடும்ப வரலாறு தேட வரும் புதியவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். சவரிமுத்து என்ற பெயரில் ஒரே பங்கில் (ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பொறுப்பு எல்லையில்) இருபது பேர் இருக்கும்போது அந்தப் பெயர் எதையும் தீர்த்துவைக்காது. தாத்தா பிறந்த ஆண்டில் அவருடைய தோட்டம் எந்தப் பங்குக்கு உட்பட்டிருந்தது, எந்த முக்கிமில் (மாவட்டத்தின் உட்பிரிவில்) இருந்தது, எந்தப் பதிவு அலுவலகத்தைச் சார்ந்திருந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எல்லை தெரிந்துவிட்டால், பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருந்தாலும் அகப்படும்.

வீட்டில் தொடங்குவது

முதல் படி அலமாரியைத் திறப்பது. சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), பழைய ஐசி (அடையாள அட்டை), சிவப்பு ஐசி (நிரந்தரவாசிகளின் அட்டை), குடியுரிமைச் சான்றிதழ், தமிழ்ப்பள்ளி விலகல் சான்றிதழ், பூசைப் புத்தகத்தில் செருகி வைத்த திருமுழுக்குச் சீட்டு, கல்லறையில் எடுத்த புகைப்படம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் உள்ள இடப்பெயரையும் ஆண்டையும் மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். உறவுமுறை மரம் வரைவதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பெரியவர்களிடம் பேசுவது. “தாத்தா எந்தப் பங்கு?” என்று கேட்டால், பாட்டி இப்போது போகும் கோயிலைச் சொல்லிவிடுவார். கேள்வியை வேறு விதமாகக் கேளுங்கள். “பாட்டி, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ தோட்டத்துக்குப் பூசை வைக்கச் சாமியார் எந்தப் பக்கமிருந்து வருவாரு? மாசத்துக்கு ஒருதடவையா, பெரிய நாளைக்கு மட்டுமா? உபதேசியார் யாரு? செத்தவங்களை எங்கே கொண்டுபோய்ப் புதைச்சாங்க?” (உபதேசியார் என்பவர் சாமியாருக்கு உதவியாக வேதம் கற்பித்தவர்.) இத்தனை கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் வரும். சாமியார் ரயிலில் வந்து இறங்கிய நிலையம் எது என்பதுகூட ஒரு பங்கைச் சுட்டிக்காட்டிவிடும். பேசும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தோட்டத்தின் பெயரை நிலைநிறுத்துவது

இந்தப் படியில்தான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, மலாய்க்காரர்கள் சொன்ன ஆற்றின் பெயர் ஒன்று, நம்மவர்கள் துரையின் பெயரையோ கங்காணியின் பெயரையோ வைத்துச் சொன்னது ஒன்று என ஒரே நிலத்துக்கு மூன்று பெயர்கள் இருக்கும். சாமியார் எதைக் காதால் கேட்டாரோ அதைப் பதிவேட்டில் எழுதினார். அரசாங்கச் சான்றிதழில் கம்பெனிப் பெயர் இருக்கும். போதாக்குறைக்கு, பெரிய தோட்டங்களில் டிவிஷன்கள் என்னும் உட்பிரிவுகளுக்குத் தனிப்பெயர் உண்டு. பாட்டி தோட்டத்தின் பெயர் என்று சொல்வது பல நேரங்களில் டிவிஷனின் பெயராக இருக்கும்.

இதைச் சரிபார்க்க மிகவும் கைகொடுப்பவை, அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த வணிக டைரெக்டரிகள். அவற்றில் தோட்டத்தின் பெயர், மானேஜரின் பெயர், அருகிலுள்ள ஊர் முதலியவை அச்சாகியிருக்கும். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய டைரெக்டரிகளையும் நாளிதழ்களையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உள்ளன. துரையின் பெயர் மட்டும் நினைவில் இருந்தால் அதை வைத்தே தோட்டத்தைப் பிடித்துவிடலாம். எந்த ஆண்டில் தோட்டம் கைமாறியது என்பதும் அடுத்தடுத்த ஆண்டுகளின் டைரெக்டரிகளை ஒப்பிட்டால் தெரியும். 1950-களில் பல ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அப்போது பழைய பெயர் மறைந்து ஒரு தோட்டம் பல சிறு நிலங்களாகியிருக்கலாம். உங்கள் தோட்டத்தின் பெயர் திடீரென்று பட்டியலிலிருந்து காணாமல்போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தோட்டம் எந்த முக்கிமில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிரியான் மாவட்டத்தில் பாகான் செராய், பாகான் தியாங், பெரியா, குனோங் செமாங்கோல், கோலா குராவ், பாரிட் புந்தார், செலின்சிங், தஞ்சோங் பியாண்டாங் என எட்டு முக்கிம்கள் உள்ளன. முக்கிமும் பங்கும் ஒன்றல்ல. முக்கிம் அரசாங்கத்தின் நில எல்லை; அதற்குப் பொறுப்பு பெங்ஹுலு என்னும் முக்கிம் தலைவர். பங்கு திருச்சபையின் எல்லை; அதற்குப் பொறுப்பு பங்குத்தந்தை. ஒரு பங்கு பல முக்கிம்களில் பரவியிருக்கும். கிரியான் ஆற்றோரத்தைப் போன்ற இடங்களில் மாநில எல்லையையே தாண்டியிருக்கும்.

எந்த ஆண்டில் எந்தப் பங்கு

இனித்தான் முக்கியமான வேலை. பாகான் செராயில் 1880-களில், பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த ரெனே ஃபே சாமியார் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார்; அவரே 1896-இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். இத்தகைய பழைய பங்குகளைத் தாய்ப்பங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பங்கின் சாமியார் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் சைக்கிளிலும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூசை வைத்துத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து தம்முடைய கோயில் பதிவேட்டில் எழுதினார். தோட்டத்தில் சிற்றாலயம் இருந்தது என்பதால் அதற்கென்று தனிப் பதிவேடு இருந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

பின்னாளில் அந்தச் சிற்றாலயம் வளர்ந்து தனிப் பங்காகும்போது, புதிய பங்கு அன்றிலிருந்து புதிய பதிவேட்டைத் தொடங்கும். பழைய பதிவுகள் பொதுவாகத் தாய்ப்பங்கிலேயே தங்கிவிடும். ஆகவே, “எங்கள் ஊர்க் கோயிலில் கேட்டோம், 1930-க்கு முன் ஒன்றுமில்லை என்றார்கள்” என்று கேள்விப்பட்டால் பதிவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்தக் கோயில் தனிப் பங்கான ஆண்டு எது, அதற்கு முன் எந்தக் கோயிலின் கிளையாக இருந்தது என்ற இரண்டு கேள்விகளையும் அங்கேயே கேளுங்கள். அதற்கும் முன்னர் அந்தத் தாய்ப்பங்கு எதன் கிளை என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு சங்கிலி கிடைக்கும். வட பேராக்கிலும் தென் செபராங் பிறையிலும் (பினாங்கின் தலைநிலப் பகுதி) இந்தச் சங்கிலி பாகான் செராய், தைப்பிங், புக்கிட் மெர்தாஜாம் போன்ற பழைய ஆலயங்களில் ஏதாவது ஒன்றை நோக்கிப் போகும். கோயில்களின் வெள்ளிவிழா, பொன்விழா மலர்களில் பங்குத்தந்தையரின் பட்டியலும் பங்கு பிரிந்த வரலாறும் இருக்கும். பழைய மலர்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஆள் ஒருவர் ஒவ்வொரு பங்கிலும் நிச்சயம் இருப்பார்.

வரைபடத்தில் தெரியாத எல்லை ஒன்றும் உண்டு: மொழி. மலாயாவின் பட்டணங்களில் பங்குகள் தெருவை மட்டும் பார்த்துப் பிரிக்கப்படவில்லை; மொழியைப் பார்த்தும் பிரிக்கப்பட்டன. பினாங்கின் புனித பிரான்சிஸ் சேவியர் ஆலயம், கோலாலம்பூரின் புனித அந்தோணியார் ஆலயம், 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட சிங்கப்பூர் லூர்து மாதா ஆலயம் ஆகியவை தமிழர்களுக்கென்றே எழுந்தவை. வேறு கோயிலின் நிழலிலேயே குடியிருந்த தமிழ்க் குடும்பம்கூட, கலியாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் நகரின் மறுகோடியில் இருந்த தமிழ்க் கோயிலுக்குப் போயிருக்கும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு ரயில்வே வேலைக்கோ நகராண்மைக் கழக வேலைக்கோ போன பெரியப்பா, சித்தப்பாக்களைத் தேடும்போது இதை மறக்க வேண்டாம்.

மறைமாவட்ட எல்லைகளையும் ஓரளவு அறிந்துவைத்திருக்க வேண்டும். 1888-இல் மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பட்டபோது தீபகற்பம் முழுவதும் அதன் கீழ் வந்தது. பெயர் மலாக்கா என்றாலும் ஆயர் சிங்கப்பூரில் இருந்தார். 1955-இல்தான் பினாங்கும் கோலாலம்பூரும் தனித்தனி மறைமாவட்டங்களாயின. பேராக், பினாங்கு மறைமாவட்டத்தில் சேர்ந்தது. ஆகவே 1955-க்கு முந்திய ஆயரகக் கடிதங்களையும் அனுமதிகளையும் பற்றி விசாரிப்பதானால் பினாங்கோடு நிறுத்திவிடாமல் சிங்கப்பூருக்கும் எழுத வேண்டும். மலாக்காவின் புனித பேதுரு ஆலயமோ போர்த்துக்கீசிய மிஷனைச் சேர்ந்தது; 1981 வரை மக்காவ் மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருந்தது. பிரெஞ்சுச் சாமியார்களைப் பற்றிய குறிப்புகளும் அவர்கள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளும் பாரிஸில் அந்நிய வேதபோதக சபையின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றில் உங்கள் பாட்டனார் பெயர் இருக்காது, ஆனால் எந்தச் சாமியார் எந்த ஆண்டில் எந்தத் தோட்டங்களைச் சுற்றினார் என்பது இருக்கக்கூடும்.

பதிவேட்டை வாசிப்பது

பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டியதில்லை; ஒரே வாக்கியம்தான் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வரும். மாதிரிக்காக ஒரு பதிவைத் தமிழாக்கினால் இப்படி இருக்கும்: “1911, 7-ப்ரிஸ், 24-ஆம் நாள். கீழே ஒப்பமிடும் நான், இம்மாதம் 9-ஆம் நாள் இன்ன தோட்டத்தில் பெத்ருஸ், மரியா தம்பதியருக்கு முறைப்படி பிறந்த மகனுக்குத் திருமுழுக்கு அளித்து ஜொசெஃபுஸ் எனப் பெயரிட்டேன். ஞானப்பெற்றோர் பவுலுஸ், அன்னா.” இதில் ஏழு என்ற எண்ணைக் கண்டு ஜூலை என்று குறித்துக்கொள்பவர்கள் பலர். அது செப்டம்பர். இலத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. ஆகவே 7-ப்ரிஸ் செப்டம்பர், 8-ப்ரிஸ் அக்டோபர், 9-ப்ரிஸ் நவம்பர், 10-ப்ரிஸ் டிசம்பர் என்று சுருக்கி எழுதுவது வழக்கம்.

அடுத்த சிக்கல் பெயர். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவரைச் சாமியார் பெத்ருஸ் என்று எழுதியிருப்பார். சின்னப்பன் பவுலுஸ் ஆவார், அருளப்பன் யோவான்னெஸ் ஆவார், சூசை ஜொசெஃபுஸ் ஆவார், சவரிமுத்து சேவேரியுஸ் ஆவார், சந்தியாகு யாகோபுஸ் ஆவார். தமிழ்ப் பெயரை அப்படியே எழுதிய சாமியார்களும் உண்டு. ஆனால் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் முத்து என்பதன் முதல் அசை ஆங்கிலத்தில் எழுதுவதைவிட நீளமாக, ஓவும் யூவும் சேர்ந்து நிற்கும். ஆகவே அகரவரிசை அட்டவணையில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லாதீர்கள். ஆண்டைக் கொண்டு, அதற்கு இரண்டு ஆண்டு முன்னும் பின்னும், தோட்டத்தின் பெயர் வரும் பதிவுகளை எல்லாம் வரிசையாகப் பாருங்கள்.

ஞானப்பெற்றோர் பெயரை விட்டுவிடுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் பதிவின் சாரமே அதில்தான் இருக்கிறது. ஞானத் தகப்பன் பெரும்பாலும் அதே லயத்துக்காரராகவோ, ஊரிலிருந்து ஒன்றாகக் கப்பலேறிய உறவுக்காரராகவோ இருப்பார். ஒரே பெயர் பல குடும்பங்களின் பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்தால் அவர் உபதேசியாராகவோ கங்காணியாகவோ இருக்க வாய்ப்புண்டு. அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால், அவர் கூட்டிவந்தவர்களும் அந்தப் பக்கத்து ஆட்களாகவே இருப்பார்கள்.

ஓரக்குறிப்புகளையும் பாருங்கள். 1908 முதல், ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தெரிவிக்கப்பட்டு, பழைய பதிவின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும் என்று திருச்சபை விதித்தது. 1918-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதை உறுதிசெய்து, உறுதிபூசுதலையும் அதே இடத்தில் குறிக்கச் சொன்னது. பாகான் செராயில் திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வேறு மையில், கிள்ளானில் இன்னாரை மணந்தார் என்று ஒரு வரி இருக்கலாம். எல்லாச் சாமியார்களும் இதை ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. செய்த இடத்தில் அது பல மாதத் தேடலை மிச்சப்படுத்தும். எதிர்த் திசையிலும் இது உதவும். திருமணத்துக்கு முன் மணமக்கள் தத்தம் திருமுழுக்குச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும் என்பதால், திருமணக் கோப்பு கிடைத்தால் அதில் இருவருடைய பிறந்த பங்கும் தெரிந்துவிடும். ஓலை வாசித்த (திருமண அறிவிப்புச் செய்த) பங்குகளின் பெயர்களும் அங்கே இருக்கும்.

இவற்றோடு, சில பங்குகளில் குடும்பப் பதிவேடு ஒன்றும் இருக்கும். வீடு வீடாக, தோட்டம் தோட்டமாக, குடும்பத்தில் யார் யார், யாருக்கு எந்த அருட்சாதனம் ஆனது என்று சாமியார் எழுதிவைத்தது அது. மற்றப் பதிவேடுகளைவிட இது தொலைந்துபோனது அதிகம். இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்துக்காட்ட மாட்டார்கள்.

பங்கு அலுவலகத்தை அணுகுவது

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் இதைப் பேசாதீர்கள். முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் நீங்கள் யார், தேடப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு, தோட்டத்தின் எல்லாப் பெயர்களும், ஆண்டு எல்லையும், பெற்றோர் பெயர்களும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பல பங்குகளில் திங்கட்கிழமை அலுவலகம் திறக்காது. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. திருமுழுக்குப் பதிவேடு பொதுமக்கள் புரட்டிப் பார்ப்பதற்கான நூலல்ல. அதில் பிறருடைய இரகசியங்களும் இருக்கின்றன. ஆகவே நேரில் பார்க்க அனுமதி கிடைக்காவிட்டால் வருத்தப்படாமல், குமாஸ்தாவைத் தேடித்தரச் சொல்லுங்கள். அப்போது ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும்: வழக்கமான சான்றிதழ்ப் படிவம் வேண்டாம், பதிவில் உள்ளதை ஓரக்குறிப்புடன் முழுமையாகப் பெயர்த்தெழுதிய சாற்று வேண்டும். படிவத்தில் தோட்டத்தின் பெயருக்கு இடமே இருக்காது. கோயிலுக்கு ஒரு காணிக்கை கொடுப்பது மரியாதை.

அரசாங்கப் பதிவுகள்

தேசியப் பதிவிலாகாவில் பிறப்பு, இறப்புச் சாற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டும் மாநிலமும் சரியாக இருந்தால்தான் தேடல் நகரும் என்பதால், மேலே சொன்ன எல்லை வேலை இங்கேயும் பயன்படும். இன்றைய மாவட்டப் பெயரை எழுதிவிடாதீர்கள். சிலிம் ரிவரில் 1950-இல் பிறந்தவருக்குப் பாத்தாங் பாடாங் மாவட்டம்தான் பொருந்தும். முவாலிம் மாவட்டம் 2016-இல் பிரிந்தது. பாகான் டத்தோ 2017 வரை கீழ்ப் பேராக்கில் இருந்தது. டிண்டிங்ஸ் பகுதி 1935 வரை பேராக்கில் இல்லை, நீரிணைக் குடியேற்றங்களில் இருந்தது. தெலுக் அன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது.

ஜப்பானியர் காலத்து ஆவணங்களில் 2602 என்றோ 2603 என்றோ ஆண்டு இருந்தால் எழுத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். அது ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக்கணக்கு. 660-ஐக் கழித்தால் 1942, 1943 கிடைக்கும். அதே காலத்தில் 1943 முதல் போர் முடியும் வரை கெடா மீண்டும் சயாமியர் நிர்வாகத்துக்குப் போயிருந்தது. பண்டார் பாரு பக்கத்துக் குடும்பங்களுக்கு இது பொருந்தும். சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குப் பெரும்பாலும் இறப்புப் பதிவே இருக்காது. போருக்குப் பிந்திய பங்குப் பதிவுகளில் மனைவி விதவை என்று குறிக்கப்பட்டிருப்பதோ, மறுமணப் பதிவில் முதல் கணவர் இறந்ததாக எழுதப்பட்டிருப்பதோதான் அவருடைய முடிவுக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்று.

தோட்டத்தின் சொந்த ஏடுகளில் செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு முக்கியமானது. ஆனால் தோட்டம் கைமாறியபோதெல்லாம் அவை குப்பைக்குப் போயின. அவற்றை நம்பியிருக்க வேண்டாம். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு அதைவிட நீடித்தது. 1923-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டங்களைப் பள்ளி வைக்கச் சொன்னதால், சின்னத் தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. தோட்டம் மூடிய பிறகு பள்ளி வேறிடத்துக்கு மாறியிருந்தால் பழைய பதிவேடும் கூடவே போயிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் மாவட்ட அலுவலகக் கோப்புகள் பல உள்ளன. தனிமனிதர் பெயரைவிடத் தோட்டத்தின் பெயரைக் கொண்டு தேடுவதே அங்கே பலன் தரும்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு

ஆங்கிலிக்கன் குடும்பங்களுக்கு 1909 முதல் சிங்கப்பூர் மறைமாவட்டமும், 1970 முதல் மேற்கு மலேசிய மறைமாவட்டமும் பொறுப்பு. லுத்தரன், மெதடிஸ்ட் குடும்பங்களில் போதகரின் சேகரமே (அவருடைய பொறுப்புப் பகுதியே) எல்லை. அவர் எந்த ஊரில் தங்கியிருந்தாரோ அங்குள்ள சபையில் கேட்க வேண்டும். இந்துக் குடும்பங்களுக்குப் பங்கு என்ற அமைப்பு இல்லை. எனவே முக்கிமும் பள்ளியும் மருத்துவமனையும்தான் கை கொடுக்கும். தோட்டக் கோயிலின் கும்பாபிஷேக மலரும், சுவரில் பதித்த நன்கொடையாளர் கல்லும் பெயர்களைச் சொல்லும். ஆனாலும் பங்குப் பதிவேட்டை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். தோட்ட மருத்துவமனையில் உயிர் போகும் தருவாயில் திருமுழுக்குப் பெற்ற இந்துக்களின் பெயர்களும், கத்தோலிக்கப் பெண்ணை மணந்த இந்து மாப்பிள்ளைகளின் பெயர்களும் அதில் வருவதுண்டு.

கடலுக்கு அப்பால்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆள்வாரியாகப் பட்டியல்கள் இருக்கின்றன. மலாயாவுக்குக் கங்காணி வழியாக வந்தவர்களுக்கு அப்படி எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஊர்ப் பெயரை இந்தப் பக்கத்துப் பதிவுகளிலிருந்தே பிடித்துக்கொண்டு, பின்னர் தமிழ்நாட்டுப் பங்குக்கு எழுதுவதே நடைமுறைக்கு ஒத்தது. திருமணப் பதிவிலும் வயது வந்தோர் இறப்புப் பதிவிலும் சொந்த ஊரோ மறைமாவட்டமோ குறிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். குழந்தைகளின் திருமுழுக்குப் பதிவில் அது குறைவு.

அங்கேயும் எல்லைகள் நகர்ந்திருக்கின்றன. பாண்டிச்சேரி என்று எழுதியிருந்தால் அந்த நகரம் என்று பொருளல்ல. பாண்டிச்சேரி மறைமாவட்டம் பரந்து விரிந்தது. அதிலிருந்து கும்பகோணம் 1899-இல் பிரிந்தது, சேலம் 1930-இல் அமைந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து தூத்துக்குடி 1923-இலும், மதுரை 1938-இலும் பிரிந்தன. தஞ்சாவூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பகுதிகளில் போர்த்துக்கீசியரின் மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட கோயில்கள் இருந்தன. 1952-இல்தான் தஞ்சாவூர் தனி மறைமாவட்டமாயிற்று. அதற்கு முன் ஒரே ஊரில் இரண்டு கோயில்கள் இரண்டு ஆயர்களின் கீழ் இருந்ததும் உண்டு. ஒன்றில் இல்லாத பதிவு அடுத்த தெருக் கோயிலில் இருக்கும்.

கடிதம் எழுதும்போது ஊரின் பெயரோடு அன்றைய தாலுகாவையும் ஜில்லாவையும், அருகிலுள்ள பெரிய கோயிலையும் சேர்த்து எழுதுங்கள். மலாயாவில் பிறந்த மூத்த பிள்ளையின் திருமுழுக்குத் தேதி உங்களிடம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பெற்றோரின் திருமணம் அதற்கு முந்திய சில ஆண்டுகளில் இங்கே இல்லை என்றால் அங்கேதான் நடந்திருக்கும் என்பதால், அங்குள்ள பங்குத்தந்தை முதலில் எந்த ஏட்டைத் திறப்பது என்று முடிவுசெய்ய அது போதும். பதில் வராவிட்டால் மூன்று மாதம் கழித்து அதே கடிதத்தின் நகலை மறைமாவட்ட ஆயரகத்தின் செயலருக்கும் அனுப்பி, அந்த ஊர் இப்போது எந்தப் பங்கில் இருக்கிறது என்ற ஒரே கேள்வியை மேலே தனியாக எழுதிவிடுங்கள்.